கச்சானுக்கு ஒரு களி, மாரிக்கு ஒரு களி

களியில் உருவம் செய்யும் வேலை பழக வருபவர்கள் முதலில் கேட்பது, "எந்தக் களி வாங்குவது?" என்றுதான். காசு கொடுக்கும் முன் அறிய வேண்டியது வேறொன்று: அந்தக் களி எப்படி இறுகும்? கடையில் களி என்று விற்பவையும் வயலில் வெட்டி எடுப்பதும் பெயரில் மட்டும்தான் சொந்தம். வயல் மண், பைக்கற்றில் வரும் வெள்ளைக் களி, வீட்டில் பிசையும் மா, இவையெல்லாம் தண்ணீர் வற்றி இறுகுபவை. பொலிமர் களிக்கு ஓவன் சூடு வேண்டும். மேசையில் ஒரு மாதம் கிடந்தாலும் இறுகாது. பிளாஸ்டிசின் இறுகவே இறுகாது. இது பிடிபட்டால், செய்ய நினைத்த பொருளுக்கு எது ஏற்றது என்பது பாதி தெரிந்துவிடும்.

மீதிப் பாதியை நம்முடைய காற்று சொல்லும். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடி, ஆவணியில் மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் கொடியில் போட்ட ஈரச் சாறன் சற்று நேரத்தில் காய்ந்துவிடும். அந்தக் காற்றில் ஈரக் களியை வெளியே வைத்தால் மேல்தோல் முந்திக் காயும், உள்ளே ஈரம் நிற்கும், அப்புறம் வெடிக்கும். கார்த்திகை, மார்கழி மாரியில் நிலைமை தலைகீழ். ஒரு வாரம் வைத்தாலும் களி குளிர்ந்துபோய்க் கிடக்கும், பூஞ்சணம் பிடிக்கும். பைக்கற்றின் பின்னால் அச்சடித்திருக்கும் "24 மணி நேரத்தில் காயும்" என்ற கணக்கு வேறு ஊர்க் காற்றுக்குச் சொன்னது. அதை நம்பிப் பிள்ளையின் பள்ளிக்கூட வேலையை முதல்நாள் இரவு தொடங்க வேண்டாம்.

வயல் களிமண்

இதில்தான் தொடங்கச் சொல்வேன். காசில்லை, கெட்டுப்போனால் திரும்பத் தண்ணீரில் போட்டுக் கரைக்கலாம், கைக்குப் பழக்கம் வருவதும் இதில்தான்.

எழுவான்கரையில், அதாவது மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரப் பக்கத்தில் இருப்பவர்கள் வீட்டு வளவில் தோண்டிப் பிரயோசனமில்லை. கல்லடியிலிருந்து கல்முனை, காரைதீவு வரை கடலோரம் முழுக்க மணல். வாவியைத் தாண்டி மேற்கே படுவான்கரைக்குப் போக வேண்டும். வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கம் களி பிடித்த வயல்கள் உண்டு. அம்பாறை மாவட்டத்தில் சம்மாந்துறை, இறக்காமம் பக்கத்து வயல்வெளியில் தேடலாம். பெரும்போக வெள்ளாமை வெட்டி முடிந்த மாசி, பங்குனி நல்ல நேரம். வயல் வெறுமையாகக் கிடக்கும், நிலத்தில் ஈரமும் முற்றாக வற்றியிருக்காது. வயல்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் மண்வெட்டியை வைக்க வேண்டும். "ஒரு வாளி எடுக்கட்டா ஐயா?" என்றால், "எடு மகன், வரம்பில மட்டும் கை வெச்சிராத" என்பார்கள். குளக்கட்டிலும் ஆற்றங்கரையிலும் தோண்டாதீர்கள். டிராக்டர் கணக்கில் மண் ஏற்றுவதென்றால் அதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். நமக்குத் தேவை ஒரு வாளிதான்.

வாவி ஓரத்துச் சேறு கையில் எடுத்தால் வெண்ணெய்போல வழுக்கும், பார்த்தால் ஆசையாக இருக்கும். எடுக்க வேண்டாம். வாவித் தண்ணீர் உவர். அந்தச் சேற்றில் செய்த பொருள் காயும்போது உப்பு வெளியே வந்து வெள்ளையாகப் பூக்கும், மேல் தட்டு உதிரும். கண்டல் வேர்ச் சேறு என்றால் நாற்றமும் சேரும்.

வேரும் வைக்கோல் கட்டையும் கிடக்கும் மேல்மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு ஒதுக்கிவிட்டு அதன் கீழே எடுங்கள். எடுத்ததும் அங்கேயே ஒரு சோதனை: கொஞ்சம் தண்ணீர் தொட்டுப் பிசைந்து, பென்சில் மொத்தத்துக்குத் திரியாக உருட்டி விரலில் சுற்றிப் பாருங்கள். வெடிக்காமல் சுற்றினால் நல்ல களி. மெல்லிய கீறல் விழுந்தால் பரவாயில்லை, சுத்தம் செய்தால் சரிவரும். துண்டு துண்டாக உடைந்தால் அதில் மணல் கூட. வேறு இடம் பாருங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் செய்ய வேண்டியது இப்படி.

1. மண்ணைச் சிறு கட்டிகளாக உடைத்து வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். ஈரக் கட்டியைத் தண்ணீரில் போட்டால் கரைய நாளெடுக்கும். காய்ந்த கட்டி தானாகவே பொரிந்து கரையும்.

2. வாளியில் தண்ணீர் நிறைத்துக் காய்ந்த மண்ணைப் போட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள். அப்புறம் தடியால் கலக்கி, கலக்கிய கையோடு மேலே நிற்கும் குழம்பை இன்னொரு வாளிக்கு ஊற்றுங்கள். கல்லும் மணலும் அடியில் தங்கிவிடும். ஊற்றும்போது பழைய மா அரிதட்டையோ நுளம்பு வலைத் துண்டையோ வாயில் கட்டினால் வேரும் குச்சியும் அதில் நிற்கும்.

3. குழம்பை ஆடாமல் வையுங்கள். களி கீழே இறங்கித் தண்ணீர் மேலே தெளியும். தெளிவை மெதுவாக ஊற்றிவிட்டு, மிச்சக் குழம்பைப் பழைய சாறன் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள், அல்லது துணி விரித்த செங்கல் மேல் பரப்புங்கள். செங்கல் ஈரத்தை உறிஞ்சும்.

4. கையில் ஒட்டாமல், ரொட்டிக்குக் குழைத்த மாவின் பதத்துக்கு வந்ததும் எடுத்துப் பிசையுங்கள். இந்தக் கட்டத்தில் சுத்தமான ஆற்று மணலை அரித்து, ஐந்து பங்கு களிக்கு ஒரு பங்கு வரை சேர்க்கலாம். சேர்த்தால் சுருக்கம் குறையும், வெடிப்பும் குறையும். கடல் மணல் வேண்டாம். அதில் உப்பும் சிப்பித் தூளும் இருக்கும்.

சிப்பியைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கரையில் இது பலரைக் குழப்பும். மண்ணில் அரிசியளவு சிப்பித் துண்டு இருந்தாலும் போதும். சுடும்போது அது சுண்ணாம்பாகிவிடும். சூளையிலிருந்து எடுக்கும்போது பொருள் அழகாகத்தான் இருக்கும். சில நாளில் காற்று ஈரத்தைக் குடித்து அந்தச் சுண்ணாம்பு ஊதி, மேலே ஒரு சில்லைத் தள்ளி எறியும். குழியின் நடுவே வெள்ளைப் புள்ளி ஒன்று தெரிந்தால் காரணம் அதுதான். அரிப்பதைத் தவிர அதற்கு வைத்தியமில்லை.

பிசைவது காற்றை வெளியேற்றுவதற்கும் ஈரத்தைச் சமப்படுத்துவதற்கும். கட்டியை மேசையில் அழுத்தி, உருட்டி, திரும்ப அழுத்துங்கள். இடைக்கிடை தங்கூசியால் (தூண்டிலுக்குக் கட்டும் நைலோன் நூல்) நடுவே வெட்டிப் பாருங்கள். இரண்டு முனையிலும் குச்சி கட்டிய ஒரு முழம் தங்கூசி களி வேலைக்கு அருமையான கத்தி. வெட்டிய முகத்தில் ஓட்டை தெரிந்தால் இன்னும் பிசைய வேண்டும். பிசைந்ததை ஈரத் துணியில் சுற்றிப் பொலித்தீன் பையில் கட்டி நிழலில் வையுங்கள். சில வாரம் கிடந்தால் இன்னும் நன்றாக வளையும். கொஞ்சம் மணக்கும், அது கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை.

இவ்வளவு மெனக்கெட நேரமில்லை என்பவர்கள் பக்கத்தில் கல்வாடி இருந்தால் அங்கே போய், செங்கல் அறுக்க மிதித்து வைத்த மண்ணில் ஒரு கட்டி கேட்டு வாங்கலாம். நுணுக்க வேலைக்குச் சரிப்படாது, சிட்டி விளக்குக்கும் சின்னச் சட்டிக்கும் போதும்.

முதல் பொருளாகச் சிட்டி விளக்கு செய்யுங்கள். தேசிக்காயளவு உருண்டையை உள்ளங்கையில் வைத்து, மறுகைப் பெருவிரலை நடுவே இறக்கி, சுற்றிச் சுற்றி நசுக்கி விரிப்பதுதான் வேலை. அடியும் விளிம்பும் ஒரே மொத்தத்தில் இருக்க வேண்டும். அரைச் சென்ரிமீற்றர் போதும். ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் இருந்தால் மெல்லியது முதலில் சுருங்கித் தடிப்பானதை இழுக்கும், இரண்டுக்கும் நடுவே வெடிக்கும். விளிம்பில் கீறல் விழுந்தால் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருக்காதீர்கள். விரல் நுனியை நனைத்துத் தடவினால் போதும். தண்ணீர் கூடக் கூடக் களி தளரும், அவ்வளவுக்குக் காயும்போது சுருங்கும்.

கைப்பிடி, காது, யானைத் தும்பிக்கை என்று எதை ஒட்டினாலும் சும்மா அழுத்தி ஒட்ட வேண்டாம். காய்ந்ததும் கழன்று விழும். ஒட்டும் இரண்டு முகத்தையும் முள்ளுக்கரண்டியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, அதே களியைத் தண்ணீரில் கரைத்த குழம்பைத் தடவி, அழுத்திப் பிடித்துச் சற்றே அசைத்து ஒட்டுங்கள். இரண்டு துண்டும் ஒரே ஈரத்தில் இருக்க வேண்டும் என்பது முக்கியம். காய்ந்த உடம்பில் ஈரக் கை ஒட்டாது.

காய வைப்பதில்தான் பெரும்பாலான பொருள் போகிறது. கச்சான் காலத்தில் சொப்பிங் பையை மேலே தளர்வாகக் கவிழ்த்து, வீட்டுக்குள் காற்று நேரே படாத மூலையில் வையுங்கள். முதல் இரண்டு நாள் மூடியபடி, அப்புறம் கொஞ்சம் திறந்து, கடைசியில் முழுதாகத் திறந்து. அடியில் பத்திரிகைக் கடதாசி போடுங்கள். களி சுருங்கும்போது கடதாசி கூடவே நகரும், பலகையில் ஒட்டிப் பிடித்தால் அடி பிளக்கும். தும்பிக்கை, கைப்பிடி போன்ற மெல்லிய இடத்துக்கு மட்டும் ஈரக் கடதாசி சுற்றலாம். மாரி காலத்தில் மூட வேண்டிய அவசியமே இல்லை, கம்பித் தட்டில் வைத்து அடியிலும் காற்றுப் படச் செய்யுங்கள். காய்ந்ததா என்று பார்க்கப் பொருளைக் கன்னத்தில் வையுங்கள். குளிர்ந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

அதனால்தான் கார்த்திகை விளக்கீட்டுக்குச் சிட்டி செய்ய நினைப்பவர்கள் ஆவணி, புரட்டாதியிலேயே செய்து முடிக்க வேண்டும். விளக்கீடு வருவது அடைமழைக் காலத்தில். கார்த்திகை பிறந்த பிறகு களியைக் கையில் எடுத்தால் காயவும் வைக்க முடியாது, சுடவும் முடியாது.

சுடுவதா, விடுவதா

வீட்டு ஓவனில் களிமண்ணைச் சுட முடியாது. அது 250 பாகை செல்சியஸ் வரைதான் போகும். மண்ணுக்குள் வேதியலாகக் கட்டுண்ட தண்ணீர் வெளியேறவே ஏறத்தாழ 500, 600 பாகை வேண்டும். அது போகாத வரை எவ்வளவு காய்ந்த பொருளும் தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும். நல்ல செம்மண் பாண்டம் 900 பாகைக்கு மேல் சுடப்படுவது. அலங்காரமாக அலுமாரியில் வைப்பதற்கு மட்டும் என்றால் சுடாமலே விடலாம், அக்ரிலிக் பெயின்ட் அடித்து வார்னிஷ் பூசலாம்.

சுடத்தான் வேண்டுமென்றால் மட்பாண்டம் சுடுபவர்களிடம் கொடுத்து அவர்கள் சூளையில் ஒரு மூலையில் வைக்கச் சொல்வது நல்ல வழி. தயிர்ச்சட்டி வாங்கும் கடையில் விசாரித்தால் யாரிடமிருந்து சட்டி வருகிறது என்று சொல்வார்கள். சின்ன விளக்குகளை முற்றத்திலும் சுடலாம். காற்றில்லாத காலை நேரம் பாருங்கள். கச்சான் அடிக்கும் பின்னேரத்தில் நெருப்பு வைக்கவே கூடாது. கிடுகுக் கூரையும் வேலியும் எட்ட இருக்கட்டும், ஒரு வாளி தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும், பிள்ளைகள் தள்ளி நிற்கட்டும்.

முழங்கை ஆழத்தில் ஒரு குழி. பக்கத்தில் சின்ன நெருப்பு மூட்டி, விளக்குகளை அதைச் சுற்றி அடுக்கி மெல்ல மெல்லக் கிட்டக் கொண்டுவந்து, திருப்பித் திருப்பி நன்றாகச் சூடேற்றுங்கள். இதை அவசரப்படுத்தினால் உள்ளே மிஞ்சிய ஈரம் ஆவியாகி விளக்கை வெடிக்கச் செய்யும், துண்டு பறக்கும். சூடேறியதும் குழியில் உமி பரப்பி, விளக்குகளை அடுக்கி, இடையிலும் மேலும் சிரட்டை, காய்ந்த வரட்டி, பொச்சு போட்டு, மேலே வைக்கோல் மூடிக் கொளுத்துங்கள். தானாக எரிந்து அணையட்டும். கை வைக்கும் சூட்டுக்கு வரும்வரை கிளற வேண்டாம்; இடையில் திறந்தால் குளிர் காற்றுப் பட்டுப் பிளக்கும். நெருப்பில் காற்றுப் பட்ட இடம் சிவக்கும், உமிச் சாம்பலுக்குள் மூச்சடைத்துக் கிடந்த இடம் கறுக்கும். இரண்டும் அழகுதான். சுண்டினால் மொட்டைச் சத்தம் வந்தால் சரியாக வேகவில்லை. கணீர் என்றால் வெந்துவிட்டது. எண்ணெய் விடுமுன் விளக்கைத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுங்கள், இல்லாவிட்டால் பாதி எண்ணெயை விளக்கே குடித்துவிடும். இப்படி முற்றத்தில் சுட்ட சட்டி தண்ணீர் கசியும். சமையலுக்கு வேண்டாம்.

கடையில் வாங்கும் வெள்ளைக் களி

காற்றில் காயும் களி என்று பைக்கற்றில் வருவது. சுடத் தேவையில்லை, சுடவும் கூடாது. ஒட்டுவது, காய வைப்பது எல்லாம் வயல் மண்ணுக்குச் சொன்னதுதான், ஆனால் உள்ளே பசையும் நாரும் இருப்பதால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். பெரிய உருவம் செய்யும்போது முழுக்கக் களியால் நிரப்பாதீர்கள். கடதாசியைக் கசக்கி ரேப் சுற்றி உடம்பாக்கி, அதன்மேல் அரைச் சென்ரிமீற்றர் களி போர்த்துங்கள். களியும் மிச்சம், காய்வதும் சீக்கிரம். வெடித்தால் அதே களியில் தண்ணீரும் வெள்ளைக் கம்மும் குழைத்து அப்பி, காய்ந்ததும் தேய்த்து மட்டமாக்கலாம். வார்னிஷ் பூசினாலும் இது தண்ணீர் தாங்காது. பூச்சாடி செய்தால் பிளாஸ்டிக் பூவுக்குத்தான். பைக்கற்றைத் திறந்தால் மீதியைக் காற்றுப் புகாமல் இரட்டைப் பொலித்தீனில் கட்டுங்கள். கச்சானில் ஒரு இரவு வாய் திறந்து கிடந்தால் கல்.

மாவும் உப்பும்

இரண்டு கோப்பை கோதுமை மா, ஒரு கோப்பை தூள் உப்பு, ஏறத்தாழ ஒரு கோப்பை தண்ணீர். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பத்து நிமிடம் பிசைந்தால் உருவம் செய்யும் களி தயார். கல்லுப்பு என்றால் முதலில் அரைத்துக்கொள்ளுங்கள். தானாகப் பொங்கும் மா வாங்கிவிடாதீர்கள், செய்த மீன் ஓவனில் தவளையாக ஊதிவிடும். ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் தடிப்பு வேண்டாம். ஓவன் இருந்தால் 100 பாகையில் சில மணி நேரம். இல்லாவிட்டால் கச்சான் காலத்து வெயிலில் தகரத்தின்மேல், இடைக்கிடை புரட்டிப் போட்டு.

மாரியில் இது கைவிடும். உப்புக்குக் காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் தண்ணீரை இழுக்கும் குணம். மார்கழியில் நம் வீடுகளுக்குள் அதைவிடக் கூட இருக்கும், அதனால் புரட்டாதியில் கல்லாக இருந்த உருவம் மார்கழியில் வியர்த்து நெளியும். நன்றாகக் காய்ந்த பிறகு முன், பின், ஓரம், தொங்கவிடும் துளையின் உட்புறம் உட்பட எல்லா இடத்திலும் வார்னிஷ் பூசினால் ஓரளவு தாங்கும். எறும்பும் கரப்பானும் எலியும் வேறு இதைத் தேடி வரும். வீட்டில் நாய் இருந்தால் எட்டாத இடத்தில் காய வையுங்கள். அவ்வளவு உப்பு நாயின் உயிருக்கே ஆபத்து. சின்னப் பிள்ளைகள் வாயில் போடாமலும் பார்க்க வேண்டும்.

வைத்துக்கொள்ள வேண்டாம், பிள்ளை விளையாடினால் போதும் என்றால் வேறு கணக்கு: ஒரு கோப்பை மா, அரைக் கோப்பை உப்பு, ஒரு கோப்பை தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய், ஒரு தேசிக்காயின் புளி. எல்லாவற்றையும் கரைத்துச் சின்ன நெருப்பில் கிண்ட, சட்டியை விட்டுத் திரண்டு வரும். ஆறியதும் பிசைந்து மூடிய டப்பாவில் பிரிட்ஜில் வைத்தால் சில வாரம் மிருதுவாக இருக்கும். கடையில் விற்கும் பிளே-டோவும் மாவும் உப்பும் தண்ணீரும் சேர்ந்த குடும்பம்தான். அமெரிக்காவில் சுவர்க் கடதாசியில் படிந்த கரியைத் துடைக்கச் செய்த பொருளை 1956இல் பிள்ளைகளுக்கான களியாக மாற்றி விற்றார்கள்.

பூ செய்வதற்கு

மல்லிகை இதழ் மெல்லிசுக்கு எதுவும் வராது என்று நினைப்பவர்களுக்கு வீட்டிலேயே செய்யும் களி ஒன்று இருக்கிறது. குளிர் போர்சலின் என்பார்கள், ஆனால் அதில் பீங்கான் துளியும் இல்லை. ஒரு கோப்பை சோளமா, ஒரு கோப்பை மரவேலைக்கு வாங்கும் வெள்ளைக் கம், இரண்டு மேசைக்கரண்டி பேபி ஒயில், இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி. சமையலுக்கு எடுக்காத பழைய ஒட்டாத சட்டியில், மிகச் சின்ன நெருப்பில், கையை எடுக்காமல் கிண்டுங்கள். முதலில் கட்டி கட்டியாக வரும், பயப்பட வேண்டாம். ஒரே உருண்டையாகத் திரண்டு நடுவே இன்னும் கொஞ்சம் ஈரம் தெரியும்போதே இறக்குங்கள். முழுதாக வேகவிட்டால் றப்பராகிவிடும். கையில் எண்ணெய் தடவி, சூடு பொறுக்கும் பதத்தில் மழமழவென்று வரும்வரை பிசைந்து, பொலித்தீனில் இறுகச் சுற்றுங்கள்.

ஒரு நாள் கழித்து வேலை தொடங்கலாம். சின்னத் துண்டாகக் கிள்ளி, மீதியை உடனே மூட வேண்டும். காய்ந்தால் நன்றாகச் சுருங்கும், ஈரத்தில் வெள்ளையாக இருந்தது கண்ணாடித் தன்மைக்கு மாறும். வெள்ளையாகவே இருக்க வேண்டுமென்றால் பிசையும்போதே கொஞ்சம் வெள்ளை அக்ரிலிக் சேர்த்துவிடுங்கள். இதழ் ஓரத்தைத் தையல் ஊசித் தலையால் உருட்டினால் நிஜப் பூவின் நெளிவு வரும். மாரியில் இதுவும் பூஞ்சணம் பிடிக்கும். வினாகிரி கொஞ்சம் தடுக்கும், முழுக்க இல்லை.

கடதாசிக் கூழ்

வாழைச்சேனை ஆலையில் வைக்கோலில் கடதாசி செய்த மாவட்டம் மட்டக்களப்பு, நாம் பழைய கடதாசியில் களி செய்வதில் வியப்பில்லை. பத்திரிகையையோ முட்டை அட்டையையோ சின்னதாகக் கிழித்து இரவு முழுக்க ஊறவைத்து, அரைத்து, துணியில் பிழிந்து, வெள்ளைக் கம்மும் சோக்குத் தூளும் சேர்த்துப் பிசையுங்கள். நுணுக்கம் வராது, ஆனால் பாரமே இருக்காது. பள்ளிக்கூட மேடையில் வடமோடிக் கூத்தாடும் பிள்ளைக்கு முடியும் மார்புப் பதக்கமும் செய்ய இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. அட்டையில் வடிவம் வெட்டி, மேலே கூழை அப்பிக் கச்சானில் காய வைத்து, பெயின்டும் கண்ணாடித் துண்டும் ஒட்டினால் சரி.

இதே கூழை வயல் களிக் குழம்பில், ஐந்தில் ஒரு பங்களவு கலந்தும் பாருங்கள். நார் பிடிப்பதால் வெடிப்புக் குறையும், உடைந்த துண்டைக்கூட அதே குழம்பால் ஒட்டலாம். சில நாளில் நாறத் தொடங்கும் என்பதால் தேவைக்கு மட்டும் கலக்குங்கள்.

பிளாஸ்டிசின்

1897இல் இங்கிலாந்தின் பாத் நகரில் வில்லியம் ஹார்பட் என்ற சித்திர ஆசிரியர், மாணவர்களின் களி காய்ந்துபோகிறதே என்று செய்தது. சுண்ணாம்புக் கல் தூளை எண்ணெய், வாசலின் வகையோடு குழைத்தது என்பதால் வற்றுவதற்கு உள்ளே தண்ணீரே இல்லை. மாரி முழுக்கப் பிள்ளைகளை வீட்டுக்குள் இருத்தி வைக்க இதுதான். சித்திரை, வைகாசி மத்தியானத்தில் கையில் உருகி வழியும். பிரிட்ஜில் கால் மணி நேரம் வைத்தால் திரும்ப நிமிரும். மரமேசையிலும் துணியிலும் எண்ணெய்க் கறை விடும், அடியில் பீங்கான் தட்டு வையுங்கள். வாங்கும்போது நிறம் நிறமாகப் பிரித்துக் கொடுத்தாலும் இரண்டு நாளில் எல்லாம் ஒரே மண்ணிறமாகும், அதற்காகப் பிள்ளையை ஏசிப் பயனில்லை.

பொலிமர் களி

ஃபீமோ, ஸ்கல்ப்பி என்ற பெயர்களில் வருவது. விலை கூட, ஆனால் காதணி, சாவிக் கோர்வை, மட்டக்களப்பின் பாடும் மீன் பதக்கம் என்று சின்னப் பொருளுக்கு இதற்கு நிகரில்லை. இது மண்ணே இல்லை. பிவிசி பிளாஸ்டிக் தூளை மிருதுவாக்கும் திரவத்தோடு குழைத்தது. அதனால் காற்றும் மழையும் இதை ஒன்றும் செய்யாது. சூடு மட்டும்தான் செய்யும். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் விட்டால் பாதி இறுகிப்போய்க் கையில் உதிரும். இணையத்தில் வாங்குபவர்கள் பொதி வரும் நாளில் வீட்டில் இருந்து வாங்கி வையுங்கள்.

கைகளைக் கழுவி, வெள்ளையில் தொடங்கிக் கறுப்பில் முடியுங்கள். சிவப்பைத் தொட்ட விரலோடு வெள்ளையைத் தொட்டால் ரோசாதான் வரும். சாறன் நூலும் பூனை மயிரும் வெள்ளைக் களியில் முதலில் போய் ஒட்டும், அதனால் மின்விசிறிக்குக் கீழே இருந்து வேலை செய்யாதீர்கள். பளிங்குத் தரையோட்டுத் துண்டு ஒன்றில் செய்து, அப்படியே ஓட்டோடு ஓவனில் வைப்பது வசதி. செய்ததை யோகட் கோப்பை போன்ற பிளாஸ்டிக்கில் வைத்தால் சில வகை ஒன்றோடொன்று உருகி ஒட்டிவிடும். பொலித்தீனோ கண்ணாடிப் போத்தலோ பாதுகாப்பு.

சுடும் அளவு பைக்கற்றிலேயே இருக்கும். ஃபீமோ 110 பாகையில் 30 நிமிடம் கேட்கும். ஸ்கல்ப்பி 130 பாகைக்குக் கிட்ட. சின்ன ஓவன்களின் முள் காட்டுவதை நம்ப முடியாது, உள்ளே ஓர் ஓவன் வெப்பமானி வைத்துப் பாருங்கள். கம்பிச் சூடு நேரே பட்டால் கருகும் என்பதால் அலுமினியத் தாளைக் கூடாரமாகக் கவிழ்த்துவிடுங்கள். ஓவனுக்கு வெளியே எடுக்கும்போது இன்னும் வளையும், ஆறியதும்தான் இறுகும். சுடும்போது மின்சாரம் போனால் பதற வேண்டாம், வந்ததும் திரும்பச் சுடலாம். எத்தனை தரம் சுட்டாலும் சூடு அளவோடு இருந்தால் கெடாது. அளவு மீறினால் கருகி, மூக்கை அரிக்கும் அமிலப் புகை வரும். ஓவனை நிறுத்தி, யன்னலைத் திறந்து, வெளியே போய்விடுங்கள். மைக்ரோவேவில் வைக்கவே கூடாது.

ஓவன் இல்லை, கொதிநீரில் போடலாமா என்று கேட்பார்கள். கொதிநீர் 100 பாகையில் நின்றுவிடும், களிக்கு வேண்டிய சூடு அதற்கு மேல். வெளியே இறுகியதுபோல இருக்கும், வளைத்தால் முறியும். ஓவன் வைத்திருக்கும் உறவுக்காரர் வீட்டில் ஒரு நாள் மொத்தமாகச் சுட்டு வாங்குவது மேல். இந்தக் களியில் கோப்பை, தட்டு, சாம்பிராணித் தட்டு, விளக்கு எதுவும் செய்ய வேண்டாம். பிளாஸ்டிக்கில் நெருப்பு வைக்கக் கூடாது. களிக்கு எடுத்த கத்தியும் உருளையும் திரும்பக் குசினிக்குப் போகக் கூடாது.

வேலை முடிந்த பிறகு

வயல் மண் வேலை செய்த இடத்தைத் தும்புத்தடியால் கூட்டாமல் ஈரத் துணியால் துடையுங்கள். காய்ந்த களித் தூசியில் நுண்ணிய சிலிக்கா இருக்கிறது, அது நெஞ்சுக்குக் கூடாது. காய்ந்த பொருளைத் தேய்க்க வேண்டியிருந்தாலும் ஈர ஸ்பொஞ்சால் தேய்ப்பது நல்லது. கை கழுவிய சேற்றுத் தண்ணீரைத் தொட்டிக் குழாயில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். வாளியில் தெளியவிட்டு மேல் தண்ணீரை வாழைக்கு ஊற்றுங்கள், அடியில் தங்கிய களி அடுத்த தடவைக்கு ஆகும். மாக் களி மிச்சத்தில் உப்பு இருப்பதால் அதை மரத்தடியில் கொட்டாதீர்கள். பொலிமர் களியின் சிறு துண்டுகளை முற்றம் கூட்டிய சருகோடு சேர்த்துக் கொளுத்தாதீர்கள், அந்தப் புகையும் அதே அமிலப் புகைதான். சுடாத துண்டுகளைச் சேர்த்து வைத்து அடுத்த உருவத்துக்கு உள்ளுடம்பாகப் போடுங்கள். சுட்டுக் கருகியதை மாநகர சபை, பிரதேச சபை வண்டிக்குக் கொடுத்துவிடுங்கள்.